வார்ப்பிரும்புக் கல்லுக்கு என்ன கோளாறு? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தோசை ஒட்டினால் உடனே கம்பி நாரை எடுத்து, வெள்ளை இரும்பு தெரியும்வரை கல்லைத் தேய்த்துவிடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. பெரும்பாலான நேரங்களில் கல்லில் குறையே இருக்காது. சூட்டில்தான் குறை இருக்கும். தேய்த்ததால் கிடைக்கும் பலன் என்னவென்றால், பல மாதங்களாகச் சேர்ந்த பூச்சு ஒரே மாலையில் போய்விடும், மறுநாள் தோசை இன்னும் மோசமாக ஒட்டும். ஆகவே, அறிகுறி எதனால் வந்தது என்று தெரியும்வரை நாரைத் தொடாதீர்கள். கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

இங்கே கல் என்று சொல்வது வார்ப்பிரும்பில் செய்த தோசைக்கல், பணியாரக்கல், ஆப்பச்சட்டி, இலுப்பச்சட்டி எல்லாவற்றையும் சேர்த்துத்தான். பழகிய கல்லின் கருப்பு, இரும்பின் நிறமும் அல்ல, அழுக்கும் அல்ல. மெல்லிதாகத் தடவிய எண்ணெய் சூட்டிலும் காற்றிலும் மாறி, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகிய படலம் அது. இறுகிய பிறகு அது எண்ணெயாக இருப்பதில்லை. துணியில் ஒட்டாது, பாத்திரம் கழுவும் சோப்பில் கரையாது. ஏறத்தாழ எல்லாக் கோளாறுகளும் இந்தப் படலம் இல்லாமல் போனதாலோ, அளவுக்கு மீறித் தடித்ததாலோ, அரைகுறையாக இறுகியதாலோ வருபவை. இரும்பே கெட்டுப்போவது அரிது.

தோசை ஒட்டுகிறது

முதலில் சூட்டைப் பாருங்கள். கல்லில் நாலைந்து சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். சொட்டு அங்கேயே தங்கி மெல்லக் கொதித்தால் சூடு போதாது. சுர்ரென்று சத்தமிட்டு ஓரிரு நொடியில் மறைந்தால் சரி. முத்து முத்தாக உருண்டு ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது. ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிய இரும்பில் சொட்டுக்கு அடியில் நீராவிப் படலம் உருவாகி, தண்ணீர் கல்லைத் தொடாமலே ஓடும்.

அடுத்து, எந்த விதமாக ஒட்டுகிறது என்று கவனியுங்கள்.

மாவைப் பரப்பும்போதே கரண்டியோடு சுருண்டு வந்தால், கல் கொதிக்கிறது. மாவின் அடிப்பகுதி விழுந்த கணத்திலேயே வெந்து கல்லைப் பிடித்துக்கொள்ள, மேற்பகுதியைக் கரண்டி இழுத்துக்கொண்டு போகிறது. தீயைக் குறைத்து, தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு ஊற்றுங்கள். பரப்பி முடித்த பிறகு தீயைக் கூட்டிக்கொள்ளலாம். ஓட்டல் தோசை மாஸ்டர் ஒவ்வொரு ஈட்டுக்கும் முன் தண்ணீரைத் தெளித்துத் துடைப்பத்தால் கல்லைப் பெருக்குவது இதற்குத்தான். சுத்தம் அதில் இரண்டாம் பட்சம்.

மாவு ஒழுங்காகப் பரவுகிறது, ஆனால் எடுக்க வரவில்லை என்றால், பெரும்பாலும் அவசரம்தான் காரணம். மாவில் உள்ள ஈரம் வெளியேறி அடியில் மொறுமொறுப்பு உண்டாகும்வரை மாவுச்சத்து இரும்பை விடாது. ஓரம் தானே நிமிர ஆரம்பித்தபின் திருப்பியை விடுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து அப்படியே எடுத்த மாவும் கல்லின் சூட்டைக் குறைத்து இதே தொல்லையைத் தரும்.

முதல் தோசை மட்டும் ஒட்டினால் கல்லுக்கு ஒன்றும் இல்லை. வார்ப்பிரும்பு மெதுவாகச் சூடேறும் உலோகம். 12 அங்குல விட்டமும் 5 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட கல் ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடை இருக்கும். அதை இரண்டு நிமிடத்தில் காயவைத்துவிட்டோம் என்று நினைப்பதுதான் தவறு. மிதமான தீயில் எட்டு, பத்து நிமிடம் கொடுங்கள்.

ஒரே இடத்தில் மட்டும் ஒட்டினால், கல்லை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மற்ற இடம் கருப்பாக மின்ன, அந்த இடம் மட்டும் சாம்பல் நிறத்தில் மங்கித் தெரியும். அங்கே படலம் போயிருக்கிறது. முழுக் கல்லையும் தேய்க்க வேண்டாம். கீழே சொல்லும் முறையில் ஓரிரு முறை பழக்கினால் போதும்.

சப்பாத்தி சுட்ட மறுநாள் ஒட்டுகிறதா? உலர்ந்த மாவு கல்லில் கருகிப் படிந்திருக்கும். எண்ணெயில்லாத பெருஞ்சூட்டில் படலமும் எரிந்து மெலிந்திருக்கும். தோசைக்கல்லில் சப்பாத்தி சுடாதே என்று பெரியவர்கள் சொன்னது சரியான விதி. கரகரப்பான கல்லுப்பைச் சிறிது எண்ணெயில் நனைத்துத் துணியால் தேய்த்துத் துடைத்துவிட்டு, ஒரு முறை பழக்குங்கள். முடிந்தால் சப்பாத்திக்குத் தனிக் கல் வைத்துக்கொள்ளுங்கள்.

இவை எதுவும் பொருந்தாவிட்டால், சிறிது எண்ணெய் விட்டு ஒரு ஆம்லெட் போட்டுப் பாருங்கள். அது வழுக்கிக்கொண்டு வந்தால் கல் குற்றமற்றது. உளுந்து குறைந்ததா, மாவு புளிக்கவில்லையா என்று ஆட்டுக்கல் பக்கம் விசாரணையைத் திருப்புங்கள். ஆம்லெட்டும் ஒட்டினால்தான் கல்லைப் பழக்க வேண்டும்.

கல்லைப் பழக்கும் முறை

கல்லைக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் முழுதும் போகக் காயவிடுங்கள். இளஞ்சூடாக இருக்கும்போது அரைத் தேக்கரண்டி எண்ணெயை மேல், கீழ், ஓரம் எல்லாம் படும்படி தடவுங்கள். பிறகு, தடவியதே பிழை என்பதுபோல் நூல் விடாத உலர்ந்த துணியால் முழுவதையும் துடைத்து எடுங்கள். கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சும் எண்ணெயே போதும். மிதமான தீயில் வைத்துப் புகை வந்து, அந்தப் புகை அடங்கும்வரை விடுங்கள். பர்னரை விடக் கல் பெரிதாக இருந்தால் இடையிடையே நகர்த்தி ஓரங்களுக்கும் சூடு காட்டுங்கள். ஆறவிட்டு மீண்டும் செய்யுங்கள். மூன்று, நான்கு சுற்றில் கல் பழுப்பிலிருந்து கருப்புக்கு மாறும். ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்பை விட்டு நகராதீர்கள்.

வீட்டில் மின்சார அவன் இருந்தால் வேலை சுலபம். துடைத்த கல்லைக் கவிழ்த்து வைத்து, 230 முதல் 250 டிகிரி வரை ஒரு மணி நேரம் சூடாக்கி, உள்ளேயே ஆறவிடலாம். அடுப்புத் தீயைவிட எல்லா இடமும் சமமாக இறுகும்.

எந்த எண்ணெய் என்ற சண்டைக்கு முடிவே இல்லை. படலமாக இறுகும் தன்மையை ஓரளவு சொல்வது அயோடின் எண் என்ற அளவு. தேங்காய் எண்ணெய்க்கு அது 10ஐ ஒட்டி இருக்கும். நல்லெண்ணெய்க்கு 100க்குச் சற்று மேல். சூரியகாந்தி எண்ணெய்க்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். ஆளிவிதை எண்ணெய்க்கு 170க்கும் மேல். தேங்காய் எண்ணெய் தடவிய கல் வழவழப்பாகத் தெரியும், ஆனால் இறுகாது. ஆளிவிதை எண்ணெய் கண்ணாடிபோல் இறுகும், பிறகு அதே வேகத்தில் செதில் செதிலாகப் பெயரும். இணையத்தில் அதற்கு இருக்கும் புகழ் எனக்குப் புரிந்ததே இல்லை. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் இவற்றில் கையில் இருப்பது எதுவோ அதுவே நல்லது.

வடிகஞ்சியில் மூன்று நாள் ஊறவைப்பது பற்றி ஒரு சொல். புதுக் கல்லில் இருக்கும் மண் துகள், மேலோட்டமான துரு, கடைக்காரர் பூசிய கருப்பு எண்ணெய் ஆகியவற்றை இளக்க அது உதவும். புளித்த கஞ்சியின் மெல்லிய அமிலம் அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் கஞ்சி கல்லைச் சுத்தம் செய்யும், பழக்காது. தினமும் கஞ்சியை மாற்றிக் கல்லைத் தேய்த்துக் கழுவாவிட்டால் மூன்றாம் நாள் கிடைப்பது துருப்பிடித்த கல்தான். அதன் பிறகு வெங்காயத் தோலை வதக்குவதிலும் மாயம் ஒன்றும் இல்லை. அந்தச் சாக்கில் கல் எண்ணெயோடு அரை மணி நேரம் காய்கிறது, அவ்வளவுதான்.

புதுக் கல் சொரசொரவென்று இருக்கிறது

பம்புசெட் உறுப்புகளுக்குப் பேர்போன கோயம்புத்தூர் வார்ப்பாலைகளில் கையாளும் மண் அச்சு முறையில்தான் தோசைக்கல்லும் வார்க்கப்படுகிறது. அச்சு மணலின் பரு அப்படியே இரும்பில் பதியும். கடையில் கடைசல் பிடித்த கல் வழவழப்பாக இருக்கும். பிடிக்காதது சொரசொரப்பாக இருக்கும். இரண்டும் நல்ல கல்லே. சொரசொரப்பில் திருப்பி இடறினால் 80 எண் உப்புத்தாளிலும், அடுத்து 120லும் தேயுங்கள். அதற்கு மேல் போக வேண்டாம். முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றினால் எண்ணெய்ப் படலத்துக்குப் பிடிமானம் கிடைக்காது, பழக்கப் பழக்க உரிந்துகொண்டே இருக்கும். தேய்க்கும் தூசு மூக்கில் போகாமல் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

கல் பிசுபிசுக்கிறது

விரல் வைத்தால் ஒட்டுகிறது, பழுப்பு நிறத்தில் துளித்துளியாகத் தடித்திருக்கிறது என்றால் எண்ணெய் கூடிப்போய், அரைகுறையாக இறுகியிருக்கிறது. காயாத எண்ணெயை ஊற்றிவிட்டுச் சின்னத் தீயில் பழக்கியவர்களுக்கு இது நிச்சயம் வரும். மேலே இன்னும் எண்ணெய் தடவாதீர்கள். எண்ணெய் இல்லாமல் மிதமான தீயில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வைத்தால் லேசான பிசுக்கு இறுகிவிடும். துளிகள் கனமாக இருந்தால் முதலில் சூடான கல்லில் கல்லுப்புப் போட்டுத் துணியால் உரைத்து எடுத்துவிட்டு, பிறகு சூடாக்குங்கள்.

துரு

கழுவி வைத்த மறுநாள் காலையில் ஆரஞ்சு நிறப் பொட்டுகள் தெரிந்தால், ஈரம் போகவில்லை என்று பொருள். கொல்லையில் கவிழ்த்து வைத்தால் காய்ந்துவிடும் என்பது பித்தளைக்குச் சரி, இரும்புக்குச் சரியில்லை. துணியால் துடைத்து அடுப்பில் இரண்டு நிமிடம் காட்ட வேண்டும். உப்புக் கலந்த போர்வெல் தண்ணீரில் கழுவுகிறவர்களுக்கும், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கும் இது இரட்டிப்புத் தொல்லை. உப்பு துருவை விரைவுபடுத்தும். இப்படிப்பட்ட பொட்டுகளுக்குத் தேங்காய் நாரும் கொஞ்சம் எண்ணெயுமே போதும். தேய்த்து, துடைத்து, காயவைத்து, ஒரு முறை பழக்கினால் சரியாகிவிடும்.

பரண்மேல் கிடந்த பாட்டி காலத்துக் கல், முழுவதும் துருவும் பல பத்தாண்டுக் கரியுமாக இருந்தால் வேலை வேறு. இங்கே வரிசை முக்கியம்: முதலில் எண்ணெய்க் கரி, பிறகு துரு. பலர் நேரே வினிகரில் போட்டுவிட்டு, ஏன் போகவில்லை என்று கேட்கிறார்கள். அமிலம் துருவைக் கரைக்கும். எண்ணெய்க் கரியைக் கரைக்காது. கரிக்கு அடியில் இருக்கும் துருவுக்கு அமிலம் போய்ச் சேருவதும் இல்லை.

கரியை எடுக்கக் காரம் வேண்டும். சலவை சோடாவை லிட்டருக்கு நாலு மேசைக்கரண்டி வீதம் கலந்து, கல் மூழ்கும் பெரிய எவர்சில்வர் பாத்திரத்தில் அரை மணி நேரம் கொதிக்கவைத்தால் கரி இளகி, மரத்துண்டால் சுரண்டினாலே பெயரும். அலுமினியப் பாத்திரத்தில் இதைச் செய்யாதீர்கள். சோடா அலுமினியத்தை அரிக்கும். காஸ்டிக் சோடா இதைவிடப் பல மடங்கு வீரியமானது. லிட்டருக்கு 25 கிராம் அளவில் பிளாஸ்டிக் வாளியில் கரைத்துக் கல்லைச் சில நாள் மூழ்கவிட்டால் கரி முழுதும் கழன்றுவிடும், இரும்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அது தோலையும் கண்ணையும் பொசுக்கும். நீண்ட ரப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டு, தண்ணீரில்தான் சோடாவைக் கொட்ட வேண்டும். சோடாவின்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சலவை சோடாவை இரண்டு முறை கொதிக்கவைப்பதே மேல்.

கரி போனபின் வெறும் துரு மிஞ்சும். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து கல்லை ஊறவையுங்கள். கெட்டியான புளிக்கரைசலும் இதே வேலையைச் செய்யும், சற்று மெதுவாக. அரை மணிக்கு ஒரு முறை எடுத்துக் கம்பி நாரால் தேய்த்துப் பாருங்கள். நாருக்கு உரிய இடம் இதுதான். துரு போனதும் நிறுத்திவிடுங்கள். இரவு முழுதும் ஊறவைத்தால் அமிலம் துருவைத் தின்று முடித்து இரும்பையே தின்னத் தொடங்கி, குழிகுழியாக அரித்துவிடும். எடுத்தவுடன் சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, துடைத்து, நேரே அடுப்பில் ஏற்றுங்கள். வெறும் இரும்பு காற்றில் நிமிடக்கணக்கில் மஞ்சளாகும். அது பெரிய விஷயமில்லை. எண்ணெய்த் துணியால் துடைத்தால் வந்துவிடும். அங்கிருந்து பழக்கும் சுற்றுகள் தொடங்கும். அடியோடு உரித்த கல்லுக்கு ஐந்தாறு சுற்றாவது வேண்டும், அதற்கு மேல் ஒரு மாதம் தாராளமாக எண்ணெய் விட்டுச் சமைக்கவும் வேண்டும்.

விறகுத் தீயில் போட்டுச் சுட்டு எடுத்தால் எல்லாம் எரிந்து சுத்தமாகிவிடும் என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். கரி எரியும், உண்மைதான். ஆனால் செங்கனலாகப் பழுத்த வார்ப்பிரும்பு வளையக்கூடும், விரியக்கூடும். மேற்பரப்பில் செந்நிறச் செதில் படிந்து, அதன் பிறகு எத்தனை முறை பழக்கினாலும் படலம் பிடிக்காது. கல்லை நிரந்தரமாகக் கெடுக்கும் வழிகள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று.

கருப்புச் செதில் பெயர்ந்து தோசையில் ஒட்டுகிறது

இரண்டு வகைச் செதில் உண்டு. தடித்து, நொறுங்கும் தன்மையோடு, ஓரங்களிலிருந்து பெயர்வது கருகிய உணவும் எண்ணெயும் சேர்ந்த கரி. மெல்லிய காகிதம்போல், பளபளப்பாக உரிவது பழக்கிய படலமே. முதல் வகைக்குத் திருப்பியின் ஓரத்தாலோ மரத்துண்டாலோ சுரண்டி, உப்பால் தேய்த்தால் போதும். இரண்டாம் வகை வந்தால் படலத்தின் அடிப்பிடிப்பே சரியில்லை. ஈரத்தின்மேலோ துருவின்மேலோ பழக்கியிருப்பீர்கள், அல்லது ஆளிவிதை எண்ணெயாக இருக்கும். உரிகிற இடங்களை மட்டும் 120 எண் உப்புத்தாளால் தேய்த்து ஓரங்களைச் சமன்செய்து பழக்கிப் பாருங்கள். மறுபடியும் உரிந்தால்தான் சலவை சோடா. வயிற்றுக்குள் ஓரிரு செதில் போவதால் ஒன்றும் ஆகாது.

துடைத்தால் துணி கருக்கிறது, சமைத்தது கருக்கிறது

துணியில் வரும் நிறத்தைப் பாருங்கள். கருப்பென்றால் கரித்துகள், ஓரிரு வாரச் சமையலில் குறையும். செம்பழுப்பு என்றால் துரு. மினுமினுக்கும் சாம்பல் நிறமென்றால் உப்புத்தாளால் தேய்த்த கல்லின் இரும்புத்தூளும் பென்சில் கரியும். வார்ப்பிரும்புக்குள் கார்பன் அந்த வடிவில்தான் தங்கியிருக்கிறது. சூடான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தால் நின்றுவிடும். சோப்பே படக்கூடாது என்று அஞ்ச வேண்டியதில்லை. காரம் மிகுந்த பழைய சோப்புக்குச் சொன்ன எச்சரிக்கை அது. இன்றைய திரவச் சோப்பு இறுகிய படலத்தை எதுவும் செய்யாது. சாம்பல் போட்டு அழுத்தித் தேய்ப்பதுதான் உண்மையில் படலத்தை அரிக்கும்.

வாழைக்காய், வாழைப்பூ, கத்தரிக்காய் வதக்கினால் கருப்பாகிறதென்றால் காய்களில் உள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்த நிறம் அது. பழங்காலத்தில் கடுக்காயோடு இரும்பைச் சேர்த்து மை செய்தது இதே வினையால்தான். கெடுதல் இல்லை, பார்க்கத்தான் நன்றாக இருக்காது. புளிக்குழம்பு, ரசம், தக்காளித் தொக்கு ஆகியவற்றில் உலோக ருசி வந்தால் அமிலம் படலத்தைத் தாண்டி இரும்பைக் கரைத்திருக்கிறது. பழகாத சட்டியில் புளி வேண்டாம். நன்கு பழகிய சட்டியில் கொதிக்கவைத்து உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். இரவு முழுதும் விட்டால் குழம்பும் கெடும், சட்டியும் சாம்பல் நிறமாகும்.

உணவில் கலக்கும் இரும்பால் நன்மையும் உண்டு. எத்தியோப்பியாவில் குழந்தைகளிடம் நடந்த ஓர் ஆய்வு 1999இல் வெளியானது. அலுமினியப் பாத்திரச் சமையலை உண்டவர்களைவிட இரும்புப் பாத்திரச் சமையலை உண்டவர்களுக்கு ஹீமோகுளோபின் கூடுதலாக உயர்ந்தது. தலசீமியா போன்று உடலில் இரும்பு தேங்கும் நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிக்கு வாடை அடிக்கிறது

மாதக்கணக்கில் ஊருக்குப் போகும்போது, துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று எண்ணெயைத் தாராளமாகத் தடவி வைத்துவிட்டுப் போனவர்களின் கல் இது. இறுகாத எண்ணெய் காற்றில் காறிப்போய் நாறும், கரப்பானும் வரும். சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவி, அடுப்பில் காயவைத்து, ஒரு சுற்றுப் பழக்கினால் வாடை போகும். நெடுநாள் மூடி வைக்கும் கல்லுக்குப் பழக்கி, ஆறவிட்டு, செய்தித்தாளில் சுற்றி உலர்ந்த இடத்தில் வைப்பதே சரி. எண்ணெய் வேண்டாம்.

நடுவில் கருகுகிறது, ஓரம் வேகவில்லை

இது கல்லின் கோளாறு அல்ல, இரும்பின் குணம். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் வார்ப்பிரும்பு வெப்பத்தைக் கடத்துவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். சின்ன பர்னரில் பெரிய கல்லை வைத்துத் தீயை ஏற்றினால் நடு மட்டும் கொதிக்கும். பெரிய பர்னரில், குறைந்த தீயில், கூடுதல் நேரம் காயவைத்துக் கல்லை அவ்வப்போது கால் வட்டம் திருப்புங்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் இன்னும் கவனம் வேண்டும்: சுருளுக்கு மேலிருக்கும் வட்டம் மட்டும் சட்டென்று சூடேற, ஓரம் குளிர்ந்தே இருப்பதால் கல் விரியவும் கூடும். குறைந்த அளவில் தொடங்கி ஐந்து நிமிடம் கழித்துக் கூட்டுங்கள்.

அடுப்பில் ஆடுகிறது

சமமான தரையில் வைத்து ஓரத்தை அழுத்திப் பாருங்கள். ஆடினால் அடி வளைந்திருக்கிறது. எண்ணெய் நடுவில் தேங்கினால் குழிந்திருக்கிறது, ஓரத்துக்கு ஓடினால் புடைத்திருக்கிறது. கேஸ் அடுப்பில் இதோடு வாழலாம். கண்ணாடிப் பரப்புள்ள அடுப்பில் முடியாது. சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம் என்று எண்ண வேண்டாம், தகட்டுக் கல்தான் தட்டினால் நிமிரும், வார்ப்பிரும்பு உடையும்.

பணியாரக்கல்லில் நடுக்குழி மட்டும் ஒட்டுகிறது

தீ நேராகப் படுவது நடுக்குழியில்தான். அங்கே படலம் முதலில் எரியும், மாவு முதலில் கருகும். பழக்கும்போது குழிகளில் எண்ணெய் தேங்குவது இன்னொரு காரணம். ஒவ்வொரு குழியையும் தனித்தனியாகத் துணி சுற்றிய குச்சியால் துடைத்து எடுக்க வேண்டும், அவனில் வைத்தால் கட்டாயம் கவிழ்த்து வைக்க வேண்டும். காரப் பணியாரத்தை முதலிலும் இனிப்புப் பணியாரத்தைக் கடைசியிலும் ஊற்றுங்கள். வெல்லம் கருகிப் பிடித்த குழியைக் குத்துக் கம்பியால் கீறாமல், வெந்நீர் ஊற்றிக் கொதிக்கவைத்தாலே வெல்லம் கரைந்துவிடும். கழுவிய பிறகு குழிகளில் ஈரம் நின்று துருவாகும் என்பதால் அடுப்பில் காயவைப்பதை இதில் தவிர்க்கவே கூடாது.

பழைய கல் வாங்கும்போதும், விரிசலைச் சந்தேகிக்கும்போதும்

பழைய இரும்புக் கடையிலும் சந்தையிலும் கிடைக்கும் கல்லில் துருவையும் கரியையும் கண்டு மிரள வேண்டாம், அவை போய்விடும். காந்தம் வைத்துப் பாருங்கள்: ஒட்டாவிட்டால் அது கருப்புப் பூசிய அலுமினியம் அல்லது மாக்கல். ஒட்டினாலும் வார்ப்பிரும்பு என்று முடிவுகட்ட முடியாது, தகட்டுக் கல்லிலும் ஒட்டும். தடிமன், மணல் பரு, கையிலேயே தெரியும் கனம் இவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிறகு கல்லை ஒரு விரலில் தொங்கவிட்டு மரக்கரண்டியால் தட்டுங்கள். கணீரென்று நீண்டு ஒலித்தால் முழுமையான கல். மொத்தென்று அடங்கினால் எங்கோ விரிசல் இருக்கிறது. வார்ப்பிரும்பில் கார்பன் 2 விழுக்காட்டுக்கு மேல், வழக்கமாக 3ஐ ஒட்டி இருக்கும்; அதனால் ஏறத்தாழ 1,150 முதல் 1,200 டிகிரியிலேயே உருகி அச்சில் எளிதாக ஓடுகிறது, அதனாலேயே வளைய மறுத்து உடையவும் செய்கிறது. காய்ந்த கல்லில் பச்சைத் தண்ணீரைக் குடமாகக் கொட்டுவது விரிசலுக்கு நேர்வழி. தோசைக்கு முன் தெளிக்கும் ஒரு கைத் தண்ணீர் அந்தக் கணக்கில் வராது.

விரிசல் உறுதியானால் பற்றவைத்துச் சரிசெய்ய முடியும். ஆனால் அதற்கு நிக்கல் கம்பியும், மெல்லச் சூடேற்றி மெல்ல ஆறவிடும் பொறுமையும் வேண்டும், கூலி புதுக் கல்லின் விலையைத் தாண்டும். ஓரத்தில் சின்ன விரிசலென்றாலும் கொதிக்கும் எண்ணெய் வைக்கும் சட்டிக்கு அது ஆபத்து. எடைக்குப் போட்டுவிடுங்கள்.

பழைய இலுப்பச்சட்டிகளில் மட்டும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்: இதில் முன்பு என்ன செய்தார்கள்? காரீயம் 327 டிகிரியில் உருகிவிடுவதால், வலைக்குண்டு போன்றவற்றை வார்க்க இரும்புச் சட்டியே வசதி. உட்புறத்தில் வெண்சாம்பல் நிறத்தில் மெத்தென்ற உலோகத் துளிகள் ஒட்டியிருந்து, நகத்தால் கீறினால் பளிச்சென்று கோடு விழுந்தால் அது காரீயமாக இருக்கலாம். சுரண்டினாலோ சுட்டாலோ பழக்கினாலோ அதை நம்பிக்கையோடு நீக்க வழியில்லை, சுட்டால் நச்சுப்புகை வேறு வரும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்தச் சட்டியைச் சமையலறைக்குள் கொண்டுவராதீர்கள்.